ஆறு குடுவைகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மூக்கைத் தவிர. நீ, மாமா, பாப்பா மூன்று பேரும் சுகம்தானே? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வருகிறது, கடிதமாகவே போடு என்று சொன்னது நீதான். எனவே நீளமாக இருக்கிறது என்று திட்டாதே.

இன்று காலை கோழிக் கடையிலிருந்து ஆய்வகத்துக்கு மூன்று மூட்டை இறகு வந்து இறங்கியது. அவிழ்த்ததும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. தோலும் ரத்தமும் ஒட்டிய ஈர இறகு, நடுவில் ஒரு கோழி விரல். அதை ஐந்து தண்ணீரில் அலசி, காயவைத்து, கத்தரியால் பொடியாக வெட்டினால்தான் எங்கள் கிருமி சாப்பிடும். தின்று முடித்து அது கக்குகிற என்சைமைத்தான் நாங்கள் வடிகட்டி அளக்கிறோம். படித்த படிப்புக்கு வந்த வேலையைப் பார்.

"நாலு வருஷமா என்னதான் பண்றான் உன் தம்பி?" என்று மாமா கேட்டாராமே. அவருக்கு இதை வாசித்துக் காட்டு. மாமா, இறகு எவ்வளவு, உப்பு எவ்வளவு, சூடு, புளிப்பு, குலுக்கும் வேகம், எத்தனை நாள் என்று ஆறு விஷயம் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் அதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். அதனால் அட்டவணை போட்டு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஏற்றி இறக்கி, ஐம்பது குடுவை வைப்போம். எது உதவியது என்று கணக்கு பிரித்துச் சொல்லிவிடும். ஐம்பதில் ஆறு குடுவை மட்டும் எல்லாமே நடுத்தர அளவில் இருக்கும், ஒன்றைப் போலவே இன்னொன்று. ஒரே சமையலை ஆறு தரம் தனித்தனியாகச் செய்தாலும் ருசி கொஞ்சம் மாறுமல்லவா? அந்த மாற்றம் எவ்வளவு என்று தெரிந்தால்தான், மற்றவற்றில் வரும் ஏற்ற இறக்கம் நிஜமா தற்செயலா என்று சொல்ல முடியும்.

அக்கா, என் வேலைக்கெல்லாம் அடிப்படை நீ இங்கே படித்தபோது போட்ட கட்டுரைதான். உன் ஆறு குடுவையைக் கைடு இன்னும் எல்லோருக்கும் காட்டுகிறார். 412, 414, 411, 413, 412, 412 யூனிட் என்சைம். "உங்க அக்கா கை தங்கக் கைப்பா" என்கிறார். நீ அவருக்கு வைத்த 'கூம்பு' என்ற பேரும் அழியவில்லை. சின்னத் தலை, பெரிய தொப்பை, கூம்புக் குடுவையேதான்.

இந்த நாற்றத்தில் நீ எப்படி இறகு அலசினாய்? வாந்தி வரவில்லையா? எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது, நாள் முழுக்க நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பேரன் வரைக்கும் போயிட்டானா, முதல்ல பொண்ணு பார்க்கச் சொல்லு" என்றார்.

எனக்கு இங்கே தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை அதிகம். வருகிற பாட்டில்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டே விரல் வீங்குகிறது. என் கையெழுத்து இருந்தால்தான் ஊர்க் குழாயில் தண்ணீர் விடுவார்கள்.

ஒன்று சொல்கிறேன், கேள். அந்தப் பழைய கட்டுரையை அப்படியே பிடித்துக்கொண்டு போகாதே. அது ஆறு வருடம் முந்தையது. கிருமியும் மாறியிருக்கும். முதலிலிருந்து நீயே புதிதாக அட்டவணை போடு. பெரியவர்களை இளக்காரமாகப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, நான் வைத்ததாகவே இருந்தாலும்.

நாற்றம் போக நல்ல சோப்பு இரண்டு அனுப்புகிறேன். தேய்த்துக் குளி. உன் சுகத்துக்குப் பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பல் விழுந்துவிட்டதா? சோப்பு கிடைத்தது. தேய்த்தேன். இப்போது சந்தனம் பூசிய பிணம் போல மணக்கிறேன்.

அக்கா, உன் கட்டுரையில் சொன்ன உச்ச அளவு 618 யூனிட். அதே உப்பு, அதே சூடு, அதே நாள். எனக்கு 290 வந்தது. திரும்பவும் வைத்தேன், 340. மூன்றாம் முறை 255. புதிதாக அட்டவணை போடலாமா என்று கூம்பிடம் கேட்டேன். "அஸ்திவாரம் போட்டாச்சு, நீ மாடி கட்டு" என்று துரத்திவிட்டார். 618 வந்தால்தான் பெரிய தொட்டிக்குப் போக முடியும், பெரிய தொட்டிக்குப் போனால்தான் ஆய்வேடு. செப்டம்பர் முப்பதோடு என் காலம் முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் நாலு வருடமும் குப்பைதான்.

மூன்று கேள்வி. ஒன்று, நீ வெள்ளை இறகு மட்டும் எடுத்தாயா, கலந்தா? இரண்டு, வெட்டிய இறகைச் சலித்தாயா? மூன்று, கட்டுரையில் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா? சின்ன விஷயமானாலும் பரவாயில்லை. வரிசையாகப் பதில் எழுது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பாப்பாவுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு, பிறகு மாமாவுக்கு. இப்போது மூவரும் தேறிவிட்டோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பல் விழுந்துவிட்டது. டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், உனக்குக் காட்ட வேண்டுமாம்.

கேட்டதற்குப் பதில். வெள்ளை இறகு மட்டும்தான். சலித்தேன், மாவு சலிக்கும் சல்லடையில்.

வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி. மாமாவுடைய நண்பர் ஒருவர் சோப்புத் தொழிற்சாலையில் இருக்கிறார். அங்கே தரம் பார்க்க ஆள் வேண்டுமாம். உன்னைப் பற்றிச் சொல்லட்டுமா? எல்லோரும் டாக்டர் பட்டம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. நானும் பாதியில்தானே வந்தேன், கெட்டா போய்விட்டேன்? யோசி. வேளைக்குத் தூங்கு.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் தேறியது நிம்மதி. பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல். நானும் இருக்கிறேன்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத மறந்துவிட்டாய். காய்ச்சல் மயக்கம் போலிருக்கிறது.

சோப்புக் கம்பெனிக்கு நான் போகமாட்டேன். நாலு வருடம் பிணவாடையில் நின்றுவிட்டு, கரை தெரிகிற நேரத்தில் திரும்பி நீந்தச் சொல்கிறாயே. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகிறார்கள். நேற்று ஒரு அம்மா குழந்தையின் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். மெஸ்ஸில் எனக்குத் தனி மேஜை, நானாகவே ஒதுங்கிவிட்டேன். தட்டில் கறியைப் பார்த்தால் இறகு ஞாபகம் வந்து தொண்டையிலேயே நிற்கிறது. வெறும் ரொட்டியும் டீயும்தான்.

கூம்பு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "செய்முறை ஒண்ணுதான், அக்காவுக்கு வந்துச்சு, தம்பிக்கு வரல. அப்ப எது சரியில்ல? கை சரியில்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அறைக்கு வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாவது கேள்வி, அக்கா. மறக்காதே. உடம்பைக் கவனி.

தம்பி


மே 25

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகம்தான் கவலையாக இருக்கிறது. ரொட்டியும் டீயும் சாப்பிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பழம் வாங்கிச் சாப்பிடு. இன்னும் ஆறு சோப்பு அனுப்பியிருக்கிறேன், இது வேறு மணம்.

உன் கை நல்ல கை. சின்ன வயதில் கடிகாரத்தைக் கழற்றி மறுபடி மாட்டினவன் நீ. யார் என்ன சொன்னாலும் அதை மனதில் போட்டுக்கொள்ளாதே.

வேறென்ன எழுத என்று தெரியவில்லை. இந்தத் தாளை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பாப்பா உன்னைக் கேட்டாள். மாமா இரண்டு நாளாக, "என்ன ஆச்சு உனக்கு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன். நீங்கள் எல்லோரும் நலமா?

இருபத்தேழு முறை வைத்தேன். ஒரு முறைகூட 618 பக்கம் போகவில்லை. நேற்றுக் கூம்பு கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தாளைக் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். 'வெளியான முடிவுகளை என்னால் மீண்டும் எட்ட முடியாததற்கு என்னுடைய கவனக்குறைவே காரணம்.' கீழே கையெழுத்து, தேதி. "இது சும்மா ஃபைலுக்குப்பா, பயப்படாத" என்றார். செப்டம்பரில் ஆய்வேட்டுக் குழு கூடும்போது அதை அவர்கள் முன் வைப்பார். அதன் பிறகு எந்த ஆய்வகமும் என்னைச் சேர்க்காது.

எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே நான் எங்கேயோ கவனமில்லாமல் இருக்கிறேனோ என்று. இப்போது குடுவையைத் தொட்டாலே கை நடுங்குகிறது. இதுவரை நடுங்கியதில்லை.

சோப்பு வேண்டாம். ஆறு கட்டி அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல். என் கை கெட்ட கையா? பாப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூலை 8

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உன் கை கெட்ட கை இல்லை. அந்த ஆறு குடுவையும் ஆறு இல்லை. ஒன்று.

நடுத்தர அளவுக் குடுவைகள் அட்டவணையில் அங்கங்கே வரும். ஒவ்வொரு முறையும் அதை அப்புறம், அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரே மாதிரி ஆறு எதற்கு, வெட்டி வேலை என்று எரிச்சல். நாற்பத்து நான்கு குடுவை முடிந்தபோது அலசிய இறகு ஒரே ஒரு குடுவைக்குத்தான் இருந்தது. மீதி மூட்டையை அவிழ்த்தேன். வெள்ளையாகப் புழு. வழிந்து என் செருப்பின் மேல் விழுந்தது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்ப உள்ளே போய் அதில் கைவிட என்னால் முடியவில்லை. ஒரு குடுவை மட்டும் வைத்தேன். விளைந்ததை ஆறு குழாயில் ஊற்றி ஆறையும் அளந்தேன். 412, 414, 411. ஒரே பானைச் சோற்றை ஆறு தட்டில் போட்டேன். அப்புறம் ஆறு தட்டும் ஒரே ருசியாக இருப்பதைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன்.

சத்தியமாக அப்போது அது தப்பு என்று உறைக்கவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பயிற்சியில் சொன்னார்கள்: "ஒரு பாட்டில் தண்ணிய மூணு தடவ பாத்தா அது மூணு பாட்டில் ஆயிடாது." எனக்கு அங்கேயே உறைத்தது. ஆறும் அச்சு மாறாமல் இருந்ததால், அங்கே தற்செயலுக்கே இடமில்லை என்று கணக்கு நம்பிவிட்டது. கிருமி தன் இஷ்டத்துக்கு ஆடிய ஆட்டத்தையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு 618 என்று ஒரு ஊரைக் காட்டியது. அப்படி ஒரு ஊரே இல்லை. நீ அங்கே போகத்தான் நாலு வருடமாக நடக்கிறாய்.

இந்த வேலை கைடுடைய சிபாரிசில் கிடைத்தது. அவருக்கு இது தெரியாது, என்னை நம்பினார். வாயை மூடிக்கொண்டேன். பிப்ரவரியில் நீ கேட்டபோதும் மூடிக்கொண்டேன். சோப்பு வாங்கப் போனேன். கடையில் நின்று மணம் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், தம்பி. என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 14

231
367
298
402
266
345

நடுத்தர அளவில் ஆறு குடுவை. ஆறு தனித்தனி நாள். ஆறு தடவை மூட்டையை அவிழ்த்து, ஆறு தடவை அலசி, ஆறு தடவை வெட்டினேன். புழு எனக்கும் வந்தது. உனக்கு மட்டும் வந்த சீதனம் இல்லை அது.

இந்த வித்தியாசத்தை வைத்து உன் பழைய கணக்கைத் திரும்பப் போட்டேன். ஆறு விஷயத்தில் நாள் ஒன்றுதான் கொஞ்சம் தேறுகிறது. மற்ற ஐந்தும் காற்று. உன் கட்டுரையே காற்று.

நலமா என்று கேட்கமாட்டேன். அலசி அலசிப் புழுவே பழகிவிட்டது, உன் கடிதங்கள் பழகவில்லை. எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகப் படித்தேன். காய்ச்சல், பல், வெயில், பழம், சோப்பு. 'உன் கை நல்ல கை.' எல்லாம் தெரிந்தே எழுதியிருக்கிறாய்! அருவருப்பாக இருக்கிறது. அக்கா என்று எழுதவே கூசுகிறது.

உன் கடிதத்தை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை. இந்த ஆறு எண்களை மட்டும் கூம்பின் மேஜையில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.


செப்டம்பர் 11

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் நாலு வாரமாகிறது.

நீ திட்டியதில் ஒரு எழுத்துகூட அதிகமில்லை. மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான், நீ இன்னும் போடல" என்றார்.

இன்று காலை போட்டுவிட்டேன். உங்கள் நிறுவனத்தின் இயக்குநருக்குப் பதிவுத் தபால், நாலு பக்கம், ரசீது கையில் இருக்கிறது. ஒரு பிரதி, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு. இன்னொரு பிரதி இங்கே என் மேலதிகாரிக்கு. அவர் படித்துவிட்டு, விசாரணை முடியும் வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அதில் ஒரு வரி உனக்காகவே எழுதினேன். 'இந்த ஆய்வகத்திலிருந்து வரும் எந்த ஆய்வேட்டிலும் நடுத்தரக் குடுவைகள் ஆறையும் முதலில் பாருங்கள். எண்கள் சிதறிக் கிடந்தால் செய்தவர் நேர்மையாகச் செய்திருக்கிறார். ஆறும் ஒன்றுபோல் இருந்தால் அது நான் செய்த அதே மோசடி, நம்பாதீர்கள்.' இனி உன் 231-ஐயும் 402-ஐயும் பார்த்து யாரும் உன் கையைக் குறை சொல்ல முடியாது.

இதற்காவது ஒரு வரி பதில் போடு. சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பாப்பா எல்லோரும் சுகமா? போன கடிதத்தில் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஆறு எண்களைக் கூம்பின் முன் வைத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஆறையும் நிஜமாவே வெச்சியா, பைத்தியக்காரா? உங்க அக்கா ஒண்ணுதான் வெச்சா. அன்னிக்குக் கழுவுற தொட்டியில ஆறு குடுவை கிடக்கணும், ஒண்ணுதான் கிடந்துச்சு. அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். அவருக்குத் தெரியும், அக்கா. ஆறு வருடமாகத் தெரியும். நீ அவருக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு சொன்னார்: "618 போனா போகுது. பெரிய தொட்டிக்கு இந்த நடுத்தர அளவே போதும்னு எழுதிக்கலாம். ஆனா இப்படி இறைஞ்சு கிடந்தா எந்தக் குழுவும் ஒத்துக்காது. 402 வந்துச்சுல்ல, அதை எடு. ஆறா ஊத்து. மாசக் கடைசில நீ டாக்டர்." என் கவனக்குறைவுக் கடிதத்தை எடுத்து மேஜை மேல் எனக்குத் தெரியும்படி வைத்தார்.

அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எழுந்து கழுவுகிற இடத்துக்கு வந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காகச் செய்துகாட்டுவது என்றுதான் வந்தேன். சுவரோரம் ஐந்து மூட்டை இருந்தது. ஒன்றின் கயிற்றை அவிழ்த்தேன். அந்த வாடை முகத்தில் அடித்தது. நின்றேன், அக்கா, ரொம்ப நேரம் நின்றேன். கை உள்ளே போகவில்லை. திரும்பக் கட்டிவிட்டேன்.

402, 401, 403, 402, 402, 401. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கை நடுங்கவும் இல்லை.

நேற்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். கூம்பு என் கடிதத்தை என் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டு, "உனக்கும் தங்கக் கைதாம்பா" என்றார். அறைக்கு வந்து, அப்படியே கிடந்த உன் ஆறு சோப்பையும் பிரித்துத் தேய்த்தேன்.

உன்னை அருவருப்பு என்று எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிடு. உன் ஜூலைக் கடிதத்தை நானும் எரித்துவிட்டேன். நான் திட்டியதில் மனம் உடைந்து, ஒப்புக்கொள்கிறேன் கிப்புக்கொள்கிறேன் என்று இங்கே யாருக்கும் எதையும் எழுதிவிடாதே. நீ அவசரக்காரி, எனக்குத் தெரியும். இயக்குநரே என் ஆய்வேட்டைப் படிக்கிறார், அந்த ஆறு எண்கள் முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன.

மாமாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். இது கிடைத்ததும் உடனே பதில் போடு.

உன் தம்பி